மாமாவும் மாறுகண் நடிகரும்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது மாமாவுக்குத் திடீரென்று கலை ஆர்வம் பிடித்துக்கொண்டது. அதுவரை அவர் உற்றுப் பார்த்த படங்கள் பீட்சாக் கடை விளம்பரங்கள் மட்டும்தான். அம்மாவின் தம்பியான அவர் ஹோம்புஷில் எங்களோடுதான் இருந்தார். ஞாயிறு தவறாமல் என்னை ரயிலில் ஏற்றிச் சிட்னி நகரத்துக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போவார்.

அங்கே ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் வைத்திருந்தார்கள். எல்லாம் கபுகி நாடக நடிகர்கள். அதில் ஒருவர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. சுண்ணாம்பு முகம், கீழே வளைந்த வாய், விரித்து நீட்டிய விரல்கள், மூக்கை நோக்கி ஓடிவரும் இரண்டு கருவிழிகள். கோபம் உச்சத்துக்குப் போனதும் நடிகர் அப்படியே உறைந்து நிற்பாராம், சனம் ஆர்ப்பரிக்குமாம்.

"அவரைப் போலச் செய் பாப்பம். வடிவா வரும்வரைக்கும் விடாதை" என்று சொல்லிவிட்டு மாமா பின்னாலிருந்த வாங்கில் உட்கார்ந்துவிடுவார். நான் படத்தின் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பழகுவேன். வாங்கில் மாமாவோடு இன்னும் யாரோ சிரிப்பது கேட்கும்; என் நடிப்புக்குத்தான் என்று திரும்பிப் பார்க்காமல் தொடர்வேன். இப்படி ஊக்கம் தரும் மாமா யாருக்குக் கிடைப்பார்! சந்தோஷத்தில் மிதந்தேன்.

அந்த வருடம் தெரிந்தவர் ஒருவர் மூலம் பரமட்டாவிலிருந்து மாமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. காதல் கீதல் என்றால் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். பெண்ணின் தகப்பனும் அதே கட்சியாம். ஆகவே முறைப்படி பெண் பார்க்கப் போனோம். காரிலேயே மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "இது குழம்பக் கூடாது அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நீ வாயைத் திறக்காதை" என்று அம்மா என்னிடம் சொன்னார்.

தகப்பன் சிரிக்காமல் மாமாவிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வடைத்தட்டை நீட்டிய பெண், மற்றவர்களுக்கு முதுகைக் காட்டியபடி கண்களை மூக்கருகே கொண்டுவந்து, விரல்களை விரித்து, நாக்கை இடது பக்கம் நீட்டினார்.

"மாமா, கபுகி!" என்று கத்திவிட்டேன். பதிலுக்கு நானும் செய்தேன். மாமாவின் முகம் அந்த நடிகரின் முகத்தைவிட வெளுத்தது.

"என்ன பிள்ளை அது?" என்றார் தகப்பன்.

"ஜப்பான் படம் அப்பா. நானும் பாத்தனான்" என்றார் பெண்.

தகப்பன் என்னை இன்னொருமுறை செய்யச் சொன்னார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "முதன்முதல் பாக்கிற பிள்ளையோட எவ்வளவு பாசம்!" என்று அம்மா உருகிப்போனார். அன்றைக்கே கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது எனக்கு ஒரே ஒரு குறைதான். படத்திலிருந்த நடிகர் நாக்கை நீட்டவில்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது.

"மாமி படத்தை வடிவாப் பாக்கேல்லை. நான் விடுற பிழையையே அவவும் விடுறா" என்றேன். "அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவம்."

மாமா காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கண்ணீர் வரச் சிரித்தார். சம்பந்தம் சரிவந்த சந்தோஷம் என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன்.