மோட்டார் ஓடாத மாலைகள்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. விஷு கழிந்த வாரம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கொல்லங்கோட்டுப் பக்கம் மழை பொய்த்திருந்தது. மாலையானால் கரண்ட் மங்கிவிடும்.

எங்களோடு இருந்த அத்தை, குஞ்சு பொரிக்கும் மின்பெட்டி ஒன்று வாங்கியிருந்தாள். முதல் தடவை வைத்த முட்டைகள் சூடு போதாமல் வீணாயின. மறுதடவை வைத்தவை பொரிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. இந்தத் தடவையும் பொரியாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். அதனால் வீட்டில் புதுச் சட்டம் வந்தது: அந்திக்குப் பிறகு பெட்டி மட்டுமே ஓடும்.

"ஏனுங்க, ஃபேனை நிறுத்துங்க. உங்களுக்கு வேர்த்தாத் தொடச்சுக்கலாம். முட்டைக்குக் குளுந்தா போத்தியா உட முடியும்?" என்றாள் அம்மா.

"இந்த ஊட்ல முட்டைக்கு இருக்கற மரியாதை எனக்கில்லை" என்று அப்பா துண்டால் விசிறிக்கொண்டார்.

அப்படியும் போதவில்லை. தோட்டத்து மோட்டார்களுக்கு மாலையில்தான் கரண்ட் விடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் பெரியப்பா மோட்டாரைப் போட்டதும் பெட்டிக்குள் சூடு கொடுக்கும் பல்புகள் சிவந்து மங்கின. இரண்டு வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். வரப்புத் தகராறில் அவர் எங்கள் வீட்டாரோடு பேச்சை விட்டிருந்தார். என்னிடம் மட்டும் பேசுவார். கொஞ்ச நாள் மோட்டாரை நிறுத்தச் சொல்லிப் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்றாள் அம்மா.

"பொரியாட்டிப் போகுது. அண்ணங்கிட்டப் போயி நிக்க மாட்டேன்" என்றாள் அத்தை.

மறுநாள் பாகல் பந்தலடியில் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏன் அம்மிணி, உங்கூடு இருட்டாக் கெடக்குது?" என்று கேட்டார். நான் சட்டம் முழுவதையும் ஒப்பித்தேன். பல்பு மங்குவதையும் அத்தை திருப்பூர் போகப்போவதையும் சேர்த்தே சொன்னேன். அவர் காய் பறிப்பதை நிறுத்தவில்லை.

அன்று மாலை மோட்டார் சத்தம் கேட்கவில்லை. அடுத்த மாலையும் இல்லை. பந்தலில் பாகல் இலைகள் துவண்டு தொங்கத் தொடங்கின. மோட்டார் ஏன் ஓடவில்லை என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"மோட்டார்ல காயில் கம்பி கருகிருச்சு அம்மிணி. உங்கூட்லயும் சொல்லீரு."

சொன்னேன். அத்தை பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் முட்டை ஓடுகள் வெடித்தன. வீடெங்கும் கீச்சுக் கீச்சென்று சத்தம். அத்தை நல்ல குஞ்சுகளாகப் பொறுக்கிக் கூடையில் வைத்து, பெரியப்பாவிடம் கொடுத்துவரச் சொன்னாள். அவர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"உங்க அத்தை இனி இங்கதானே இருப்பா?"

"ஆமாங்க பெரியப்பா."

அன்று மாலையே மோட்டார் ஓடியது. கருகிய காயில் கம்பியைக் கட்ட மெக்கானிக் எப்போது வந்தார் என்று வீடு முழுக்கக் கேட்டுத் திரிந்தவள் நான் ஒருத்திதான்.