புதன்கிழமை லீவும் போலந்து ஞாயிறும்

மெஷின் நின்றால்தான் பஞ்சாலை பிட்டருக்கு வேலை. ஊர் ஓயும்போதுதான் எங்களுக்கு ஓட்டம். வார லீவு புதன்கிழமையில் விழுந்து, காலி வீட்டில் தனியாகச் சோறு போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு என் கதை புரியும்.

எண்பதுகளில் இராஜபாளையத்து மில் ஒன்றில் நான் பிட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. மனைவி செல்லம்மாவுக்கு பேண்டேஜ் கம்பெனியில் வேலை, ஞாயிறு லீவு. கல்யாணமாகி ஏழு வருஷம், அதுவரை இருவருக்கும் ஒரே நாளில் லீவு வந்ததில்லை.

ஸ்பானரைத் துடைத்தவர்

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் ஒன்று போலந்திலிருந்து வந்தது. அதைப் பூட்டித் தர யான் என்ற பிட்டரும் வந்தார். நான் அவருக்கு உதவியாள். முதல் சனிக்கிழமை மாலை ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டு, "நாளை ஞெஜேலா, வரமாட்டேன்" என்றார். மேனேஜர் கெஞ்சியும் அசையவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷ் டிக்ஷனரி பார்த்துக் கற்றது. அதை வைத்து அர்த்தம் கேட்டேன். 'ஞெ' என்றால் இல்லை, மிச்சம் 'செய்வது'. ஒன்றும் செய்யாத நாள்தான் அவர்களுடைய ஞாயிறு. திங்களுக்குப் பெயரே அதற்கு அடுத்த நாள் என்பதுதானாம். எங்கள் கிழமைக்குச் சூரியன் பெயர் என்றேன். வேர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "முதலில் அவருக்கு லீவு கொடுங்கள்."

ரஷ்யாவில் எப்படி?

ரஷ்யாவில் இதே சொல் ஒரு முழு வாரத்தைக் குறிக்கும், ஆதியில் அங்கும் ஓய்வு நாள்தான் என்றார் யான். பக்கத்து மெஷின் காதரிடம் சொன்னேன். வாயைப் பிளந்தான். "ஏலே, வாரம் பூரா லீவா? பாஸ்போர்ட்டுக்கு எங்கலே எழுதிப் போடணும்?"

எட்டுப் புதன்கள்

யான் வராத நாளில் உதவியாளுக்கு என்ன வேலை? மூன்று மாதம் எனக்கும் ஞாயிறு லீவு. செல்லம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். யான் ஊருக்குப் போனதும் லீவு போர்டில் எனக்கு மறுபடி புதன் என்று எழுதினார்கள். ஞாயிறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். புதன்தோறும், என் லீவு நாளில், பஸ் ஏறி வந்து மேனேஜர் அறை வாசலில் நின்றேன். ஏழு புதன் முடியாது என்றார்.

எட்டாவது புதன் அந்தப் போலந்து மெஷின் பஞ்சைக் கிழித்துத் துப்பியது. யான் வைத்த இடைவெளி அளவுகளை எல்லாம் நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மதியத்துக்குள் ஓடவிட்டேன். ஹெட் பிட்டர் ஆக்குகிறேன் என்றார் மேனேஜர். அது வேண்டாம், ஞாயிறு கொடுங்கள் என்றேன். பேனாவை மூடாமலே பார்த்தார். "என்னய்யா, பதவி தாரேன்னா கிழமையக் கேக்க! சரி, எடுத்துக்கோ."

முதல் ஞாயிறு

சேதி கேட்டுச் செல்லம்மா இரண்டு தட்டுகளைக் கழுவி வைத்தாள். ஞாயிறு காலை காப்பி குடித்து முடித்தேனோ இல்லையோ, "ஏங்க, சும்மாதான இருக்கீக? பரண்ல எம்புட்டு சாமான் கெடக்கு, ஏறி இறக்குங்க!"

அப்படிப் போராடி வாங்கிய ஓய்வு நாளில் அவள் இருந்தவரை நான் ஒருமுறைகூட ஓய்ந்ததில்லை, புதனே மேல் என்று நினைத்ததுமில்லை.