ஒருத்திக்கு அரைப்பது

துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகள் சிந்திவிட்டுப் போகும் தூளில் என் ஸ்கூட்டர் வழுக்கியது. விழுந்தபோது முகம்தான் முதலில் தரையில் பட்டது. தாடை எலும்பு முறிந்துபோனது. ஆஸ்பத்திரியில் மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். திறக்க நினைத்தாலும் முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சின்னதாக ஒரு கட்டிங் பிளேயரைக் கையில் கொடுத்தார். வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும், உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்:

"கூட இருக்கவங்ககிட்ட காட்டி வச்சிருங்க. வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல?"

தலையாட்டினேன். உண்மையில் யாரும் இல்லை. அம்மா இறந்த பிறகு அந்த மாடி வீட்டில் நான் மட்டும்தான். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. செய்தி கேட்டு அண்ணன் சென்னையிலிருந்து வந்து கொஞ்ச நாள் கூட இருந்தான். "என்கூட வந்துரு" என்றான். வரமாட்டேன் என்று கையை ஆட்டினேன். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அவன் கூப்பிடவில்லை. ஊருக்கு ரயிலேறிவிட்டான்.

பிளேயரை ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்தேன்.

பால், ஜூஸ், வடித்த கஞ்சித்தண்ணீர். இவற்றை ஒரு பெரிய சிரிஞ்சில் எடுத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுக் குடிக்க வேண்டும். பசி அடங்கவே இல்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது. அடுத்த முறை காட்டப் போனபோது டாக்டர் எடையைப் பார்த்துவிட்டுத் திட்டினார். "இது காணாதும்மா. நீங்க சாப்பிடுற சோறு, பருப்பு, மீனு எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு மை மாதிரி அரைச்சுக் குடிங்க. தண்ணியா இருந்தா சத்து இருக்காது. கெட்டியா இருக்கணும்."

எங்கள் வீட்டு மிக்ஸி அந்த 'கெட்டி'க்கு ஒத்துவரவில்லை.

குழைத்த சோறும் பருப்பும் அவித்த கேரட்டும் பெரிய ஜாரில் போட்டுச் சுற்றினேன். ஒரு நொடி அரைத்தது. பிறகு சோறெல்லாம் ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டது. நடுவில் ஒரு குழி விழுந்து, அதற்குள் பிளேடு மட்டும் வெறுமனே சுற்றியது. நிறுத்தி, கரண்டியால் வழித்து நடுவில் தள்ளி, மறுபடி போட்டேன். மறுபடியும் அதே குழி. தண்ணீர் ஊற்றினால் அரைபட்டது. ஆனால் ஒரு கை சோறு ஒரு செம்பு நிறையத் தண்ணீராகிவிட்டது. அதை சிரிஞ்சில் குடித்து முடிப்பதற்குள் வயிறு உப்பியது. சாப்பிட்ட தெம்பு மட்டும் வரவில்லை. வடிகட்டியில் தங்கிய பருக்கைகளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மெல்ல முடியுமென்றால் ஒரே வாயில் போய்விடக்கூடிய சோறு.

ஒரு நாள் மத்தியானம் பிடிவாதமாகத் தண்ணீர் சேர்க்காமல், வேகத்தைக் கடைசிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டே நின்றேன். மோட்டார் உறுமியது. கருகிய வாடை வந்தது. பிறகு சத்தமே இல்லை. சுவிட்சைத் தட்டினேன், பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். வாயைத் திறக்காமல் அழுவது கஷ்டம். மூக்கு அடைத்துக்கொண்டதும் பயந்துபோய் நிறுத்திக்கொண்டேன்.

முகம் கழுவிவிட்டு, மிக்ஸியின் அடியில் ஒட்டியிருந்த கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பல்லுக்கு நடுவே வார்த்தைகளைத் தள்ளினேன். மிக்ஸி என்பது "இக்ஹி" என்று வந்தது.

"மேடம், கொஞ்சம் தெளிவா பேசுங்க."

மறுபடி சொன்னேன்.

"மேடம், கோபப்படாதீங்க. என்ன பிரச்சனைன்னு பொறுமையா சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் யாருக்கும் கோபமாகத்தான் கேட்கும். இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

கீழ் வீட்டில் ஒரு பெண் குடியிருந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கணவருக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை. மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தான். ஒரே கட்டடத்தில் வருஷக்கணக்காக இருந்தும் தண்ணி மோட்டார் போட்டாச்சா, கேட்டைப் பூட்டியாச்சா என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. அன்றைக்கு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய் அவள் கதவைத் தட்டினேன். நடந்ததைப் போனில் டைப் செய்து நீட்டினேன்.

"ஐயோ, உள்ள வாங்கக்கா. நீங்க விழுந்ததக் கேள்விப்பட்டேன். மேல வரணும்னுதான் நெனச்சேன். உங்க அண்ணன் இருந்தாவளா, அதான் தயக்கமா இருந்துச்சு" என்றாள். என் போனை வாங்கி அதே எண்ணுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சோறு அரைபடாததையும் மிக்ஸி நின்றுபோனதையும் சொன்னாள்.

"நீங்கதான் கஸ்டமரா மேடம்?"

"இல்ல, அவுக பக்கத்துல இருக்காவ. அவுகளுக்கு வாய் பேச முடியாது." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "இப்போதைக்குத்தான்."

"எந்த ஜார்ல அரைக்கிறீங்க?"

"பெரிய ஜாரு."

"எவ்வளவு போடுறீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். "ஒரு கை சோறு. கொஞ்சம் பருப்பு, காய்" என்றாள்.

"வீட்டுல எத்தனை பேருக்கு மேடம் அரைக்கிறீங்க?"

அவள் என்னைப் பார்க்காமல் மிக்ஸி வயரைச் சுற்றிக்கொண்டே, "ஒருத்திக்கு" என்றாள்.

"அதுதான் மேடம் பிரச்சனை. கெட்டிப் பொருள் கம்மியா இருந்தா பெரிய ஜார்ல சுவத்துல ஒட்டிக்கும், பிளேடுக்குச் சிக்காது. சின்ன ஜார்ல போடுங்க. முதல்ல கொஞ்சம் ரசமோ பாலோ ஊத்திட்டு, அதுமேல சாதத்தப் போடுங்க. ஒரேயடியா ஓட்டாம விட்டு விட்டு ஓட்டுங்க. சூடாவும் போடாதீங்க. மோட்டார் எரியல மேடம். அடியில சிவப்பு பட்டன் இருக்கும். ஆறினதும் அத அமுக்குங்க."

மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தோம். இருந்தது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு அவள் அமுக்கினாள். மோட்டார் ஓடியது. அவள் கைதட்டிச் சிரித்தாள். நான் உதட்டை மட்டும் விரித்தேன்.

சின்ன ஜார் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதன் அடியில் மோட்டாரோடு மாட்டும் ரப்பர் கப்ளர் தேய்ந்துபோனதால் அம்மா எடுத்து வைத்துவிட்டிருந்தாள். கீழ் வீட்டுக்காரி அதைத் தன் வண்டியில் மார்க்கெட் பக்கம் எடுத்துப்போய்ப் புது கப்ளர் போட்டுக்கொண்டு வந்தாள். அன்று முதலில் கொஞ்சம் ரசம் ஊற்றி, சோறு போட்டு, முள் பார்த்து எடுத்த சீலா மீன் துண்டு ஒன்றையும் போட்டு, விட்டு விட்டு ஓட்டினேன். கெட்டியாக, வழவழவென்று வந்தது. பார்ப்பதற்குச் சேறு மாதிரி இருந்தது. ஆனால் மீன் ருசி அப்படியே இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணியில் தொங்கிய பிளேயர் எதற்கு என்று கேட்டாள். டைப் செய்து காட்டினேன். அவள் முகம் மாறிப்போனது. "இத எடுத்துட்டு நான் எங்கன வெட்டணும்? காட்டுங்க" என்றாள். உதட்டை விலக்கிக் கம்பியைக் காட்டினேன். "எதுவும்னா ஸ்டூலால தரையில தட்டுங்க, ஓடி வாரேன்" என்று சொல்லி, மாற்றுச் சாவியையும் வாங்கிப் போனாள்.

அதன்பிறகு பெரும்பாலான சாயங்காலங்களில் மேலே வந்தாள். பேசுவது அவள் வேலை. "ம்" சொல்வது என் வேலை. வேம்பாரில் இருக்கும் அவள் அம்மாவைப் பற்றி, மெசேஜைப் பார்த்தும் பதில் போடாத மகனைப் பற்றி, துணி வெளுப்பது பற்றி எல்லாம் பேசினாள். ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"அவுக கப்பல்ல இருந்து லீவுல வருவாவள்லா, எனக்கு ஒரு மாதிரி இருக்குக்கா. யாரோ விருந்தாளி வந்து தங்குன மாதிரி. எப்ப கெளம்புவாவன்னு இருக்கும். கெளம்பிப் போனதும் அழுகையா வரும். இது என்ன புத்தின்னு தெரியல."

"ம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அம்மா போன பிறகு என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

எலும்பு கூடியது. கம்பியை எடுத்தார்கள். வாய் முதலில் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. அன்று சாயங்காலம் அவள் பாலில் ஊறவைத்த இடியாப்பம் கொண்டுவந்தாள். நான் பேசக் காத்திருந்தேன். அவளுக்காகச் சேர்த்துவைத்திருந்த பேச்சு நிறைய இருந்தது. அதில் எதை எடுப்பது என்று தெரியாமல், "உங்க வீட்டுக்காரர் அடுத்து எப்ப வாரார்? அந்த விஷயத்த நீங்க அவர்கிட்டயே சொல்லிப் பார்க்கலாமே" என்றேன்.

நல்ல மனசோடுதான் கேட்டேன். அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"எந்த விஷயம்?" என்றாள். பிறகு, "வருவாவ" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, "நல்லா தெளிவா பேசுதீங்கக்கா இப்ப" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒருமுறை வந்து, நின்றபடியே பேசிவிட்டு, என் மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே தேவைப்படாதுல்லா" என்றாள். இருக்கட்டும், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். காலையில் புறப்படும்போது அவள் வாசலைத் தாண்டுகையில் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். எதிர்ப்பட்டால் சிரிப்பாள். தண்ணி மோட்டார் போட்டாச்சா என்று கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆனாலும் சரி என்று இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். உயரமாக ஓர் ஆள் திறந்தார். கப்பலிலிருந்து லீவில் வந்திருக்கிறார் என்று புரிந்தது. மேல் வீடு என்றேன்.

"அப்படியா, உள்ள வாங்க. கை எல்லாம் நல்லா ஆயிருச்சா? விழுந்துட்டீங்கன்னு ஹவுஸ் ஓனர் சொன்னாரு. இவ ஒண்ணும் சொல்லல" என்றார்.

அவருக்குப் பின்னால் அவள் நின்றாள். கையில் ஈரத்துணி. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"கை இல்ல, தாடை. இப்ப நல்லா இருக்கு" என்றேன். "மோட்டார் போட்டாச்சான்னு கேக்க வந்தேன்."

"போட்டாச்சுக்கா" என்றாள் அவள்.

சரி என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். கதவு சாத்தும் சத்தம் உடனே கேட்கவில்லை. நான் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்டது.