சின்ன கேசட்டில் ஏறிய குடமுழுக்கு

தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்புறம் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தேன். எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனாலும் அந்தத் தொழிலில் எனக்குத் தெரியாததை இன்னொருவர் சொல்லித்தர முடியாது என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். முருகன் சாட்சியாக, முக்கால்வாசி அது உண்மையும்தான்.

அப்போது கேசட்டில் இரண்டு ரகம். பீட்டா சின்னது, வி.எச்.எஸ். பெரியது. ஒன்றை ஓட்டுகிற டெக்கில் மற்றொன்று நுழையாது. படம் எடுத்தவர்களுக்கும் டெக் செய்தவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரே படம் இரண்டு ரகத்திலும் வரும். ஆனால் ஓட்டம் ஒன்றாக இருக்காது. குடும்பப் படம் சின்ன கேசட்டில் வெளியே போனால் வீடு வீடாகச் சுற்றிவிட்டு ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பும். பெரியதில் அதே படம் அலமாரியில் தூங்கும். சண்டைப் படத்துக்கு நேர் எதிர்.

படம் தெளிவு, சத்தம் தெளிவு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. சின்ன டெக் எங்கள் ஊருக்கு முதலில் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவர, கடைவீதிக்காரர்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பெண்கள் பார்ப்பார்கள். பெரிய டெக்கை வாங்கியவர்களில் பாதிப்பேர் வாடகைக்கு விடுகிறவர்கள். டி.வி.யோடு சேர்த்துக் கட்டி, பாப்பாரப்பட்டி, பாலக்கோடு பக்கம் காதுகுத்து, கல்யாணம் என்று கொண்டுபோவார்கள். களத்துமேட்டில் ஊரே குந்தியிருக்கும் இடத்தில் அழுகைப் படம் போட்டால் ஜனம் எழுந்து போய்விடும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் கோட்டை விட்டேன்.

ஆவணியில் எங்கள் முருகன் கோயிலுக்குக் குடமுழுக்கு. ஆள் வைத்து அதைப் படம் பிடித்து, கேசட்டாக விற்று, அந்த வரும்படியில் கோயிலுக்கு வெண்கல மணி வாங்கிக் கட்டுகிறேன், பங்குனி உத்திரத்துக்கு அது அடிக்கும் என்று கமிட்டிக்காரர்கள் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். டவுனில் இரண்டு ரக டெக்கும் ஏறக்குறையச் சரிபாதி இருந்தன. அதனால் பெரியதில் இருபது, சின்னதில் இருபது போட்டேன். ஒன்றைக் குறைத்துப் போட மனசும் வரவில்லை. சாமி படத்தில் போய் ஏற்றத்தாழ்வு பார்ப்பதா என்று பட்டது.

தீபாவளிக்கு முன்பே பெரியது இருபதும் போய்விட்டது. டெக் வாடகைக்காரர்கள் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். சின்னதில் இரண்டே இரண்டு போனது. மீதியைப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்தேன். விளக்கேற்ற வரும்போதெல்லாம் என் சம்சாரம், உங்க முருகன் மலையை விட்டு இறங்கி இங்கேயே தங்கிவிட்டார் என்று குத்திக் காட்டுவாள். சிரிப்பேன். ஆனால் சத்தியம் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மணிக்குச் சொல்லி வைத்திருந்தது பாத்திரக் கடை பாயிடம். இருபது வருஷப் பழக்கம். சின்ன டெக் வைத்திருந்த வீடுகளில் அவர் வீடும் ஒன்று. தை மாதம் அவர் கடையில் உட்கார்ந்து, மணி தள்ளிப் போகும் போலிருக்கிறது என்று நான் இழுத்தபோது விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ண்ணா, நீங்க பொட்டிய எண்ணியிருக்கீங்க. பொட்டிக்கு முன்னால குந்தறவங்கள எண்ணலீங்க. சின்ன டெக்குல பாதி எங்க தெருவுல இருக்குதுங்க. நாங்க குடமுழுக்கு கேசட் வாங்குவோம்னு எப்படிங்க நெனச்சீங்க?”

சினிமாப் படத்துக்கு நான் ஊருக்கெல்லாம் சொல்லும் பாடம் அதுதான். சாமி என்று வந்ததும் எனக்கே மறந்து போயிருக்கிறது.

அவரே ஒரு வழியும் சொன்னார். மாசியில் அவர் தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். அதைப் படம் பிடித்து, விற்காத கேசட்டுகளில் ஐந்தின் மேல் ஏற்றித் தந்தால் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் வீட்டு விசேஷத்துக்கு வாங்குவார்கள். புதுக் கேசட் விலையே எனக்குக் கிடைத்துவிடும், மணியும் வந்துவிடும்.

ஆனால் சாமியை என் கையாலேயே அழிக்க வேண்டும். இரண்டு நாள் பாய் கடைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அபிஷேகத்துக்குப் போய் நின்றேன். ஊற்றிய பாலெல்லாம் கோமுகி வழியே ஓடியது. நாளைக்கு அதே மேனிக்குப் புதுப்பால் வரும். இவருக்கு இது பழக்கம்தான் என்று தெளிந்தது. மாசியில் நிக்காஹ் முடிந்ததும் ஐந்து கேசட்டையும் தட்டில் வைத்துச் சூடம் காட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மேலே அந்தப் படத்தை ஏற்றினேன்.

ஏற்றியதில் ஒரு தப்பு. நிக்காஹ் படம் ஒன்றரை மணி நேரம்; கேசட் அதைவிட நீளம். வாலில் மிச்சமிருந்த குடமுழுக்கை அழிக்காமலே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பாய் நேரே கடைக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மறுவீட்டு விருந்துச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். துஆ ஓதி முடிந்ததும் திடீரென்று அரோகரா சத்தம். பிள்ளைகள் சிரிக்க, சம்பந்தி வீட்டார் முழிக்க, இவர் நிறுத்தப் போயிருக்கிறார். அதற்குள் சாமி ஊர்வலம் கடைவீதிக்கு வந்துவிட்டது. அங்கே, பாத்திரக் கடை வாசலில், வருகிறவர்களுக்கெல்லாம் நீர்மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார் அவரைப் பெற்ற அத்தா. வருஷா வருஷம் சாமி ஊர்வலத்துக்கு ஊற்றுகிறவர். அந்த மார்கழியில்தான் மௌத்தாகி அடக்கமானார்.

“எங்க வூட்டுல இருக்கறது ஒரே ஒரு போட்டோங்க, அதும் சின்ன வயசுல எடுத்தது. இதுல அவரு நடக்கறாருங்க. சொம்ப நீட்டி எதோ பேசறாரு. நிக்காஹ ஒரு தடவ பாத்தாங்க பொம்பளைங்க. அத்தாவ எத்தன தடவன்னு கேக்காதீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மிச்ச கேசட்டுல ஒண்ணக்கூட அழிச்சிராதீங்கண்ணா.”

ஒன்றைக்கூட அழிக்கவில்லை. அழிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. கடைவீதி முழுக்க அந்த ஊர்வலத்தில் இருந்ததே. அவரவர் கடையை, அவரவர் வீட்டு ஆளைத் தேடி ஒவ்வொருவராக வந்தார்கள். மாசி முடிவதற்குள் அலமாரியின் கீழ்த்தட்டு காலி.

பங்குனி உத்திரத்தன்று மணியை ஏற்றிக் கட்டும்போது பாய்தான் கீழே நின்று சாய்வு பார்த்துச் சொன்னார். படம் எடுக்க வந்தவர், இந்தத் தடவை எந்த ரகத்தில் எத்தனை போடப் போகிறீர்கள் என்று கேட்டார்.

“அது கெடக்குதுங்க,” என்றேன். “மொதல்ல நிக்கறவங்க மூஞ்சி எல்லாம் படத்துல உழுவுதான்னு பாருங்க.”