தாய்மாமன் மடி

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பறவைக்காய்ச்சல் என்று உறுதியானதும், அங்கே வேலை செய்தவர்களைத் தினமும் போய்ப் பார்க்கும் வேலை சுகாதார ஊழியரான எனக்கு வந்தது. இருமல் உண்டா, கண் சிவந்திருக்கிறதா என்று கேட்டு, நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடிக்கவேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினால் முதுகு தானாக நிமிரும்.

செத்த கோழிகளைக் குழியில் போட்ட ஓர் அண்ணன் மட்டும் எனக்கு நெருடலாகவே இருந்தார். முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டு வேலை பார்த்தவர். வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்துவிடுவார்.

“வாங்க டாக்டரம்மா! இன்னைக்கு எம்புட்டு மார்க்கு?”

“நான் டாக்டர் இல்லண்ணே. நார்மல்தான்.”

“பெறகென்ன? ஞாயித்துக்கெழம மருமகளுக்குக் காதுகுத்து. என் மடியிலதான உக்காரணும்?”

கல்லுப்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கையின் கைக்குழந்தை அது. காய்ச்சல் இல்லாவிட்டால் போகலாம், வந்தால் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை காலை. தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. வெப்பமானி நார்மல் என்றது. அடுத்த வீட்டுக்குப் போனேன், அதற்கடுத்த வீட்டுக்கும். மனம் அங்கேயே நின்றது. காய்ச்சலோடு களையெடுக்கப் போகும் நாட்களில் அம்மா மாத்திரை விழுங்குவாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு குளிர்ந்து இப்படித்தான் வேர்த்துக் கொட்டும். வண்டியைத் திருப்பினேன். ஆனால் உடனே போய்ப் பிரயோசனமில்லை. மாத்திரையின் வேகம் இறங்கும்வரை பொறுத்து, சொல்லாமல் மத்தியானம் போனேன்.

உச்சி வெயிலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். வெப்பமானி கீச்சிட்டுச் சிவந்தது.

“மாத்திர போட்டீங்களாண்ணே?”

“நீ வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கிருவேன். மிசினு நல்லதாக் காட்டுனாத்தான விடுவ?”

“மிசினுக்கா காய்ச்சல்?”

“மாமன் இல்லாமக் காது குத்துனா ஊரு சிரிக்கும் தங்கச்சி.”

“பிள்ள மூஞ்சிய உங்க மூஞ்சிகிட்ட வச்சுத்தான பிடிப்பீங்க?”

அவர் தங்கைக்கு போன் போட்டு என்னிடம் நீட்டினார். “படிச்ச புள்ள, நீயே சொல்லு.”

சொன்னேன். திட்டுவாள் என்று காதைக் கெட்டியாக்கிக்கொண்டு நின்றேன்.

“அண்ணன் முந்தாநேத்து வந்து பிள்ளையத் தூக்கிக் கொஞ்சிட்டுப் போச்சேக்கா,” என்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, தொண்டைச் சளி மாதிரி எடுத்து அனுப்பினோம். முடிவு வரும்வரை அந்தக் குழந்தையின் நெற்றியையும் பார்த்துவந்தேன். அது என் அடையாள அட்டையை இழுத்துக் கடிக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படிப்பேன்.

பறவைக்காய்ச்சல் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது.

தள்ளிவைத்த காதுகுத்து பிறகு நடந்தது; எனக்கும் அழைப்பு. மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுதது. எல்லோரும் அதன் காதைப் பார்த்தார்கள். நான் அவர் சட்டை நனைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.