அனார்கானின் கோட்டுப் பை

எங்கள் பிஷ்கெக் நகரத்தில் மனைவிக்குப் பயப்படும் வேன் ஓட்டுநர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மனைவி கையால் தலையில் பசை தடவி, ரப்பர் தொப்பி மாட்டி, "இப்ப ஒண்ணுமே நினைக்காதீங்க பெரியவரே" என்று உட்கார வைக்கப்பட்டவன் நான் ஒருவன்தான். பெரியவர் என்றுதான் அவள் என்னைக் கூப்பிடுவாள். ஒன்றும் நினைக்காமல் இருப்பது எனக்குச் சுலபம். அதனால் அவளுடைய ஆராய்ச்சிக்கு எப்போதும் முதல் ஆள் இந்தத் தூர்சுன்தான்.

என் மனைவி அனார்கான் மூளை அலைகளை ஆராய்கிறவள். மூளைக்குள் ஓயாமல் மின்சாரம் ஏறி இறங்குகிறதாம், அதற்கு ஒரு தாளம் உண்டாம். இரண்டு பகுதிகள் ஒரே தாளத்தில் போனால் அவற்றுக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறது என்று கொள்ளலாமாம். கல்யாணமான புதிதில் இதை எனக்கு விளக்கினாள்.

"எங்கம்மாவும் உங்கம்மாவும் மாதிரியா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குள்ள ஏது பேச்சுவார்த்தை?" என்றாள்.

ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் மேலிடம் அவளிடம் தந்தது மனிதர்களை அல்ல, மர்மோட்டுகளை. நாரின் மலைகளில் வளை தோண்டிக் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற கொழுத்த பிராணி அது. தூங்கும் மூளையின் தாளத்தை அவள் ஆசை ஆசையாகப் பதிவு செய்தாள். வசந்தம் வந்ததும் ஒரு மர்மோட் கண் விழித்து, கொட்டாவி விட்டு, இயந்திரத்தின் கம்பியைத் தின்றுவிட்டது. அன்றோடு மனிதர்கள் பக்கம் வந்தாள். மனிதர்கள் கம்பியைத் தின்னமாட்டார்கள் என்று நம்பினாள் பாவம்.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சி. எதிரெதிரே உட்கார்ந்து கதை பேசும் இரண்டு பேரின் மூளைகள் ஒன்றாகத் தாளம் போடுமா? வெளி மின்சாரம் நுழையாதபடி சுவரெல்லாம் செப்பு வலை அடித்த ஓர் அறை அவளுக்குக் கிடைத்தது. ஓஷ் சந்தையிலிருந்து கடைக்காரர்களையும் தர்பூசணி வியாபாரிகளையும் இழுத்து வந்தாள். எல்லாருக்கும் காதுக்கு மேலே, பக்கவாட்டில், ஒரே தாளம் கிடைத்தது. அதற்கு விருந்தாளித் தாளம் என்று பெயர் வைத்தாள்.

ஒரு நாள் என்னையும் மோமுனையும் உட்கார வைத்தாள். மோமுன் என் தடத்திலேயே வேன் ஓட்டுகிறவன்.

"ரெண்டு பேருக்கும் என்ன ஒத்துமை பாருங்க" என்றாள், திரையைக் காட்டி.

"இவனோடயா? முந்தாநாள் என் வண்டிக்கு நின்ன சனத்தையெல்லாம் அள்ளிட்டுப் போனவன் இவன்."

"உன் வண்டியில எவன் ஏறுவான்? கதவைக் கயித்தால கட்டி வச்சிருக்க" என்றான் மோமுன்.

"பாத்தீங்களா, சண்டையிலயும் ஒரே தாளம்" என்று அனார்கான் பூரித்துப்போனாள்.

எல்லாவற்றிலும் அழகான பதிவு எங்கள் இருவருடையதுதான். ஓர் உதவியாளரை இயந்திரத்தின் முன் உட்கார வைத்துவிட்டு அவளே என் எதிரில் அமர்ந்தாள். இரண்டு கோடுகளும் கைகோத்துப் போயின. அதைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினாள். கீழே "அனார்கான், தூர்சுன்: மூளை அலைகள்" என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் அதைக் காட்டாமல் தேநீர் கொடுத்ததில்லை.

அப்போதுதான் நிறுவனத் தலைவருக்கு அந்த அறைமேல் கண் விழுந்தது. அதைச் சுவரெல்லாம் உப்பு பூசிய உப்பு அறையாக்கி, உப்புக் காற்று மூச்சுக்கு நல்லது என்று மூச்சிரைப்புக்காரர்களைப் படுக்க வைக்கலாம் என்று திட்டம் போட்டார். அனார்கான் போராடினாள். கடைசியில் ஒரு முடிவு ஏற்பட்டது. ஃபின்லாந்திலிருந்து காரினா என்ற பெரிய விஞ்ஞானி வருவார், தாளம் உண்மையா என்று பார்ப்பார். உண்மையானால் அறை அவளுக்கு, இல்லையென்றால் உப்புக்கு.

காரினா வந்தார். ரஷ்ய மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசினார். "மத்தவங்க பதிவு எனக்கு வேணாம். என்னையே உக்கார வைங்க" என்றார். அனார்கான் வாசலில் அவர் கையைக் குலுக்கினாள், கோட்டை வாங்கி மாட்டினாள், உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள், தொப்பியைப் போட்டாள். யார் வந்தாலும் செய்வதுதான். எதிரில் நான் உட்கார்ந்தேன். அவளும் தலைவரும் திரையைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார்கள்.

என் வேன் கதவின் கதையை ஆரம்பித்தேன். காரினா என் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மட்டும் ஏதோ வேதனையில் இருப்பதுபோல் கோணிக்கொண்டது.

"தாளம் வந்திருச்சு" என்றது ஒலிபெருக்கியில் அனார்கான் குரல். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை.

காரினா வாயிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்து, "மன்னிக்கணும், இதை எங்க வைக்கறது?" என்று கேட்டார்.

"நின்னுபோச்சே. யார் என்ன பண்ணீங்க?" என்றாள் அனார்கான்.

"யாரும் ஒண்ணும் பண்ணலையே" என்றேன்.

தன் மேல்தான் தப்போ என்று காரினா அதைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார்.

"வந்திருச்சு."

காரினா யோசித்தார். மறுபடி வெளியே எடுத்தார்.

"போயிருச்சு."

காரினா உருண்டையைப் பார்த்தார், பிறகு என் கன்னத்தைப் பார்த்தார். "உங்க வாயிலயும் இருக்கா?"

"எது?"

"இது. எப்படிச் சாப்பிடறதுன்னு தெரியாம, உங்க கன்னத்தைப் பாத்துத்தான் நானும் அதே மாதிரி சப்பினேன்."

கதவு திறந்தது. அனார்கான் நின்றாள். "பெரியவரே, வாயத் திறங்க."

திறந்தேன். எங்கள் ஊர்க் குருத்துதான். தயிரை வடித்து, உப்புப் போட்டு, உருட்டி, கல்லாகக் காயவைத்த உருண்டை. இரண்டு சப்பு, ஒரு புரட்டு, ஒரு விழுங்கல் என்றுதான் இந்த ஊரில் பிறந்த எவனும் அதைத் தின்பான்.

"வாயில ஒண்ணும் இல்ல, ஒண்ணும் சாப்பிடலன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னீங்களே?"

"சாப்பிடலையே. இது குருத்துதான்."

"தாடை அசைஞ்சா அதுவும் பதிவாகும்னு சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கேனே. யார் குடுத்தா இதை?"

"நீதான். வாசல்ல."

அவள் கை மெதுவாகத் தன் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் போனது. கைநிறைய உருண்டைகளோடு வெளியே வந்தது. "எல்லாருக்குமா குடுத்தேன்?"

"எல்லாருக்கும். நம்ம பதிவன்னிக்கு உன் வாயிலயும் ஒண்ணு இருந்துச்சு. வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்காம இருப்பியா? குடுத்ததைத் துப்பத்தான் முடியுமா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கன்னமும் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"இயந்திரக் கோளாறுன்னு சொல்லிடுவோமா?" என்று அவள் காதில் கிசுகிசுத்தேன்.

"இயந்திரம் ஒழுங்காத்தான் இருக்கு" என்று எழுந்தாள். காரினாவிடம் நேராகச் சொன்னாள். "அம்மா, இத்தனை வருஷமா நான் அளந்தது மூளையை இல்ல. தாடையை. அப்படியே எழுதிக்குங்க."

காரினா பக்கத்து அறைக்குப் போய்த் திரையை நெடுநேரம் பார்த்தார். "எங்க ஊர்ல வெளியே டிராம் போனா பதிவு பூரா இரைச்சல்தான். இங்க ஒரு தயிர் உருண்டை எந்தக் கன்னத்துலேருந்து எந்தக் கன்னத்துக்குப் போகுதுன்னு தெரியுது. இவ்வளவு சுத்தமான அறையை நான் பாத்ததில்ல. இதையா மூடப் போறீங்க?"

தலைவர் அவசரமாக விழுங்கி, விக்கி, இருமி, கண்ணில் நீரோடு, "மூடறதா? யார் சொன்னா?" என்றார்.

அறை தப்பித்தது, தாளம் போய்விட்டது. கோட்டுப் பையை நானே ஊசி நூல் எடுத்துத் தைத்து மூடினேன். அவள் கை பழக்கத்தில் அங்கே போய் முட்டி முட்டித் திரும்பியது. வாயில் ஒன்றும் இல்லாமல் எங்களை மறுபடி அளந்தாள். இரண்டு கோடுகளும் அதனதன் வழியில் போயின.

"நமக்குள்ள ஒண்ணுமே ஒத்துப்போகலையே" என்றாள்.

"இதுக்கா தொப்பி? என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையலறைச் சுவரிலிருந்து அந்தச் சட்டத்தைக் கழற்றினாள். எனக்குத் துக்கமாக இருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். விருந்தாளிகளிடம் இனி எதைக் காட்டுவேன்?

அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டு, "மூளை அலைகள்" என்பதை அடித்து, பக்கத்தில் "தயிர் உருண்டை" என்று எழுதினாள். பிறகு அதே ஆணியில் மாட்டினாள்.

"இப்பத்தான் சரியா இருக்கு" என்று சொல்லி, அலமாரி டப்பாவிலிருந்து எனக்கொன்று கொடுத்து, தனக்கொன்று போட்டுக்கொண்டாள். இருவரும் சுவரைப் பார்த்தபடி சப்பிக்கொண்டிருந்தோம்.