பனிக்குள்ளிருந்து நான் கொடுத்த பதில்

கல்யாண வீடுகளில் நீங்கள் கேட்டு மகிழ்கிற அந்தக் காதல் டூயட்டை எழுதியவன் நான். அதற்காகக் கணவனை இழந்த ஒரு பெண்ணை ஏமாற்றினேன்.

இருபது வருடங்களுக்கு முன்பு, பாட்டு வராமல், தலைச்சோலை மலைப்பக்கம் ஓர் எஸ்டேட்டில் தங்கியிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கிற காலம். பனி இறங்கினால் பக்கத்துச் செடி தெரியாது. ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டேதான் பறிப்பார்கள். பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. "ஏனுங்க..." அவ்வளவுதான். அந்தந்தக் குரலுக்கு அவரவர் ஆள் பதில் கொடுப்பான்.

ஒரு குரலுக்கு மட்டும் பதில் வரவில்லை.

"அது நம்ம சரசுங்க," என்றார் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். "புருஷன் மேல மரம் உழுந்து ரெண்டு மாசமாச்சு. வாய் பழகிப்போச்சு, கூப்புடுது. நாளைக்கு அண்ணங்காரன் வந்து சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறானுங்க."

தெரிந்துதான் செய்தேன். அறியாமல் என்று நினைத்துவிடாதீர்கள்.

புறப்படும் நாளிலும் காலையில் செடிக்கு வந்திருந்தாள். "ஏனுங்க... எங்கிருக்கீங்க?"

"இங்கதான் இருக்கறேன்," என்றேன் பனிக்குள்ளிருந்து.

இரக்கமா? இல்லை... அடுத்த வரி என்னவாக இருக்கும் என்கிற பசி.

கூடையைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, மிக மெதுவாக, "குளுருதுங்களா?"

அதுதான் பல்லவி. நீங்கள் கண்மூடிக் கேட்கும் அதே சொல்.

மதியம் அண்ணன் தனியாகப் பஸ் ஏறினான். "அவரு இங்க இருக்கறப்ப நான் எங்கீங்கண்ணா வாறது?" என்றுவிட்டாளாம். பக்கத்து இருக்கையில் நான், பையில் பாட்டோடு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கிப்போய் அழைத்து வந்திருப்பான்... சொல்லவில்லை.

போன மாதம் சொல்லிவிடுவதற்காகவே போனேன். அதே எஸ்டேட். நரைத்திருந்தாள்.

"சரசம்மா, அன்னிக்கு உங்களுக்குப் பதில் சொன்னது..."

"என்னிக்குங்க? தெனமுந்தான் சொல்றாரு." சிரித்தாள். "மொத நாளு மட்டும் கொரலு வேற மாதிரி இருந்துச்சுங்க. சளி புடிச்சிருந்துச்சாட்ட இருக்குது."

நான் பதில் கொடுத்தது அந்த ஒரே நாள்.

பனி இறங்கியது. அவள் கூப்பிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் மெல்ல மலர்ந்தது. என் காதில் இலைகள் சொட்டும் ஓசை தவிர ஏதுமில்லை...

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க," என்றேன்.

சொல்லுங்கள், இனி அவள் எப்படி மலையை விட்டு இறங்குவாள்?